கணினிக் கேள்வி–பதில்: தமிழ்ச் சொல்லைத் தேட எந்தத் தரவுத்தளம்?

இந்த இதழுக்கு வந்த மடல்களுள் நான்கு, சொற்களை விரைவாகத் தேடிக் கண்டுபிடிப்பது பற்றியவை. நால்வருமே எந்தத் தரவுத்தளம் வேகமானது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் தேடல் என்ற ஒரே பெயரில் அவர்கள் செய்ய விரும்புவது நான்கு வெவ்வேறு வேலைகள் என்பதால், நால்வருக்குமான விடையும் வேறுவேறாகவே இருக்கிறது.

கேள்வி (கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்): எங்கள் நூலகத்திலுள்ள சுமார் 40,000 நூல்களின் தலைப்புகளையும் ஆசிரியர் பெயர்களையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஏற்றி, அதன் முழுவுரைத் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5-ஐப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத் தலைப்புகள் சரியாகக் கிடைக்கின்றன. ஆனால் ‘காடு’ என்று தேடினால் ‘கோடி’, ‘கூடை’, ‘கூடாரம்’ என்று தொடர்பில்லாத நூல்கள் வருகின்றன. எஸ்க்யூலைட் தமிழுக்கு ஏற்றதல்ல, தனித் தேடல் சர்வரான எலாஸ்டிக்சர்ச்சுக்கு மாறுங்கள் என்கிறார் எங்களுக்கு நிரல் எழுதித் தரும் இளைஞர். மாறத்தான் வேண்டுமா?

பதில்: மாற வேண்டாம். நீங்கள் பார்க்கும் பிழைக்குக் காரணம் தரவுத்தளத்தின் வேகமோ திறனோ அன்று. அதன் ஓர் இயல்பு அமைப்பு.

முழுவுரைத் தேடல் என்பது, நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போல, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பதிவில் வருகிறது என்று முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்துக்கொள்ளும் முறை. அதற்கு முதலில் உரையைச் சொற்களாக வெட்ட வேண்டும். எஃப்டிஎஸ்5-இல் இயல்பாக அமைந்திருக்கும் வெட்டும் கருவியின் பெயர் யூனிகோட்61. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் குறியீடு தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் ‘எழுத்து’, ‘எண்’ என்று வகைப்படுத்தப்பட்டவற்றையும் தனிப்பயன் குறியீடுகளையும் மட்டுமே அது சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. மற்ற எல்லாவற்றையும் சொற்களுக்கு இடையிலான பிரிப்பாகக் கருதுகிறது. நம்முடைய துணைக்காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையைச் சேர்ந்தவை அல்ல, அவை எம்.சி., எம்.என். எனப்படும் ‘சேர்குறி’ வகைகளில் இருக்கின்றன. ஆகவே ‘காடு’ என்ற சொல்லைக் கண்டவுடன் அந்தக் கருவி துணைக்காலையும் உகரக் குறியையும் இடைவெளியாக எண்ணி, ‘க’ என்று ஒரு சொல், ‘ட’ என்று ஒரு சொல் என வெட்டிவிடுகிறது. ‘கோடி’யும் ‘கூடை’யும் அதே ‘க’, ‘ட’வாகத்தான் மிஞ்சுகின்றன, ‘கூடாரம்’ அந்த இரண்டோடு ‘ரம’ என்ற துண்டையும் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது. அடுத்தடுத்து ‘க’, ‘ட’ வரும் எல்லாமே அதற்குப் பொருத்தம்தான்.

தீர்வு எளியது. எஃப்டிஎஸ்5 அட்டவணையை உருவாக்கும்போது யூனிகோட்61-க்கு ‘கேட்டகரீஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து, இயல்பாக உள்ள வகைகளுடன் எம்.சி., எம்.என். இரண்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் போதாது; துணைக்கால் எம்.சி. வகையிலும், புள்ளியும் ஈகாரக் குறியும் எம்.என். வகையிலும் இருக்கின்றன. ஏற்கெனவே உள்ள அட்டவணையில் இந்த விருப்பத்தை மாற்ற முடியாது. புதிதாக உருவாக்கிப் பதிவுகளை மீண்டும் ஏற்ற வேண்டும். 40,000 பதிவுகளுக்கு அது பெரிய வேலையன்று.

அதைச் செய்யும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இதுவே முதன்மையானது. ‘கொ’ என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொற்கள். பதிவு செய்தவர் ஒரு விசைப்பலகையையும் தேடுபவர் வேறொன்றையும் பயன்படுத்தினால், நூல் அலமாரியில் இருந்தும் ‘இல்லை’ என்ற விடை வரும். இதைச் சரிசெய்ய யூனிகோட் அமைப்பே என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தும் முறையை வகுத்திருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் ‘யூனிகோட்டேட்டா’ என்ற உள்ளமைந்த தொகுப்பு ஒரே வரியில் அதைச் செய்துவிடும். பதிவு ஏறும் இடத்திலும் தேடுசொல் நுழையும் இடத்திலும், இரண்டு வாசல்களிலும் இந்த ஒழுங்குபடுத்தல் நடக்க வேண்டும். எஸ்க்யூலைட் தானாக இதைச் செய்யாது.

என்எஃப்சியால் தீராத சிலவும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்திருப்பார்கள். ‘ஸ்ரீ’யில் முதலெழுத்து சிலரிடம் ‘ஸ’வாகவும், வேறு சிலரிடம் 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறிகள் சொல்லின் நடுவே ஒளிந்திருக்கும். டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய குறியாக்கங்களில் இருந்து மாற்றப்பட்ட பட்டியல் என்றால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றுவிட்ட சொற்களும் இருக்கலாம். இவற்றை ஒரு சிறு மாற்றுப் பட்டியல் எழுதித்தான் திருத்த வேண்டும். தலைப்பை மூலத்தில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, திருத்திய வடிவைத் தேடலுக்கென்று தனி நெடுவரிசையில் வையுங்கள்.

‘மலை’ என்று தேடினால் ‘திருவண்ணாமலை’யும் வர வேண்டும் என்றால் சொல்லுக்குள் தேட வேண்டியிருக்கும். அதற்கு 2020 டிசம்பரில் வந்த எஸ்க்யூலைட் 3.34 பதிப்பிலிருந்து ‘டிரைகிராம்’ என்ற வெட்டும் கருவி கிடைக்கிறது. உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டி வைப்பதால் சொல்லின் எந்தப் பகுதியையும் அது கண்டுபிடிக்கும். ஆனால் மூன்று குறியீடுகளுக்குக் குறைந்த ‘தீ’, ‘பூ’ போன்றவற்றைத் தேட அது உதவாது. ‘கோயில்’, ‘கோவில்’ போன்ற இருவழக்குகளுக்கு, தேடும்போதே இரண்டையும் ‘அல்லது’ போட்டு அனுப்புவதுதான் நேரான வழி.

உங்கள் அளவுக்கு முழுவுரைத் தேடலே இல்லாமல்கூடச் சமாளிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 40,000 தலைப்புகள் என்பது ஒரு சில மெகாபைட்தான். ‘லைக்’ கட்டளை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தாலும் சாதாரண மேசைக் கணினியில் தேடுபவர் காத்திருப்பதாக உணரமாட்டார்.

கேள்வி (மருந்து மொத்த வணிகர், மதுரை): எங்களிடம் சுமார் 12,000 மருந்துப் பெயர்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன. கடைக்காரர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டு ஊழியர்கள் தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழைகள் வருகின்றன. பிழையோடு தட்டினாலும் சரியான மருந்தை மென்பொருளே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குத் தனித் தேடல் சர்வர் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

பதில்: சர்வர் தேவையில்லை. உங்கள் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கும் ‘பிஜி டிரைகிராம்’ என்ற நீட்சியை இயக்கி, பெயர் நெடுவரிசைக்கு ஜின் அல்லது ஜிஸ்ட் வகை இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அடைவு) ஒன்றை அமைத்தால் போதும். இரண்டு பெயர்களும் எத்தனை மூவெழுத்துத் துண்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதை வைத்து 0 முதல் 1 வரை ஒற்றுமை மதிப்பை அது தரும், இயல்பாக 0.3-க்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிடும். குறுகிய பெயர்களுக்கு இந்த மதிப்பு நம்பத்தக்கதாக இராது. ஆகவே அதைக் கொண்டு இருபது பெயர்களை எடுத்து, அவற்றை லெவன்ஷ்டைன் தொலைவின்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று எண்ணும் அளவு அது. 1965-இல் சோவியத் கணிதவியலர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் வகுத்தது. அதைக் கணக்கிடும் வசதி போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் ‘ஃபஸிஸ்டர்மேட்ச்’ நீட்சியில் இருக்கிறது. பைத்தானில் எழுதுவதானால் ‘ரேபிட்ஃபஸ்’ என்ற நிரலகம் 12,000 பெயர்களையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டே விடை சொல்லிவிடும்.

ஆனால் உங்கள் கேள்வியில் ஓர் இடம் எனக்குக் கவலை தருகிறது. மென்பொருளே தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். தயவுசெய்து அப்படி அமைக்காதீர்கள். ஹைட்ரலசின் என்பது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. ஹைட்ராக்சிசின் ஒவ்வாமை அரிப்புக்குத் தரப்படுவது. ஆங்கில எழுத்தில் இரண்டும் பதினொரு எழுத்துகள் கொண்டவை. மூன்று இடங்களில் மட்டுமே வேறுபடுகின்றன. மூன்று பிழைகள் வரை பொறுத்துக்கொள்ளும் எந்த மென்பொருளும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எடுத்துவிடக்கூடும். பெயர் ஒற்றுமையால் மருந்து மாறிப்போவது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அஞ்சி வரும் ஆபத்து. பிழை பொறுக்கும் தேடல், கிடைத்த பெயர்களைப் பட்டியலாகக் காட்டுவதோடு நின்றுவிட வேண்டும். பெயருடன் அளவு, நிறுவனம், எந்த வகை மருந்து என்பதும் திரையில் தெரிய வேண்டும். ஊழியர் அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டி, கடைக்காரர் ‘ஆம்’ என்ற பிறகே பட்டியலில் ஏற வேண்டும். ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது என்றாலும் இந்த ஒழுங்கை விடாதீர்கள்.

தமிழிலும் பெயர்களைத் தட்டுவீர்கள் என்றால், முதல் கேள்விக்குச் சொன்ன ஒழுங்குபடுத்தல் இங்கே இன்னும் அவசியம். லெவன்ஷ்டைன் தொலைவு நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதில்லை, குறியீட்டைத்தான் எண்ணுகிறது. ஆகவே இருவிதமாகச் சேமித்த ஒரே ‘கொ’வுக்கு இடையில் தொலைவு 2 என்று வரும். ‘பாராசிட்டமால்’, ‘பேரசிடமால்’ போன்ற பலவித எழுத்துமுறைகளை, ஊழியர்கள் தட்டுவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாற்றுப்பெயர் அட்டவணையில் சேர்த்துவாருங்கள். அந்த அட்டவணை வளர வளர, கணிப்புத் தேடலின் தேவை குறைந்துகொண்டே போகும்.

தனித் தேடல் சர்வர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1999-இல் டக் கட்டிங் எழுதத் தொடங்கிய லூசீன் என்ற தேடல் நிரலகத்தின் மேல் எழுந்த எலாஸ்டிக்சர்ச், பல கணினிகளில் பரவிக் கிடக்கும் பேரளவு ஆவணங்களைப் பொருத்த வரிசையில் அடுக்கித் தருவதில் சிறந்தது. அதைத் தொடர்ந்து இயக்கிப் பராமரிக்க ஆளும் நினைவகமும் தேவை. 12,000 பெயர்களுக்கு அந்தச் செலவு நியாயமாகாது.

கேள்வி (ஆய்வு மாணவி, சென்னை): தட்டச்சு செய்து யூனிகோடாக்கிய பழைய செய்தித்தாள் உரைகளில், 8,000 ஊர்ப்பெயர்கள் எங்கெங்கே வருகின்றன என்று குறிக்க வேண்டும். எல்லாப் பெயர்களையும் ‘அல்லது’ குறியால் இணைத்து ஒரே ரெஜெக்ஸாக (தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் கோவையாக) பைத்தானில் எழுதினேன். ஓர் ஆண்டின் உரைக்கே பல மணி நேரம் ஆகிறது. உரைகளைத் தரவுத்தளத்தில் ஏற்றினால் வேகம் கூடுமா?

பதில்: உங்கள் வேலை தரவுத்தளத்துக்கு உரியது அன்று. தரவுத்தளம், ஒரு சொல்லைக் கொடுத்தால் அது வரும் ஆவணங்களைத் தேடித் தரும். உங்களுக்கோ ஓர் ஆவணத்தைக் கொடுத்து 8,000 சொற்களில் எவை அதில் இருக்கின்றன என்று அறிய வேண்டும். திசையே வேறு.

பைத்தானின் ரெஜெக்ஸ், உரையின் ஒவ்வோர் இடத்திலும் மாற்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்த்துப் பின்வாங்கும் வகையைச் சேர்ந்தது. பெயர்கள் கூடக் கூட வேலையும் கூடும். இவ்வகைப் பின்வாங்கல் கைமீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு, 2019 ஜூலை 2 அன்று இணையதளங்களுக்குப் பாதுகாப்பு தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளில் சேர்ந்த ஒரே ஒரு ரெஜெக்ஸ், உலகெங்கும் அதன் கணினிகளின் செயல்திறனை உறிஞ்சி 27 நிமிடம் சேவையை முடக்கியதே சான்று. ஆர்இ2 போன்ற, பின்வாங்காத ரெஜெக்ஸ் நிரலகங்கள் இந்த ஆபத்தைத் தவிர்க்கின்றன. உங்களுக்கு ரெஜெக்ஸே தேவையில்லை.

பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் அஹோவும் மார்கரெட் கோராசிக்கும் 1975-இல் வெளியிட்ட வழிமுறை, உங்கள் தேவைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. எல்லாப் பெயர்களையும் பொதுவான தொடக்கங்களை ஒன்றாக்கி ஒரு கிளைமரமாகக் கட்டுகிறார்கள். ஒரு கிளையில் பொருத்தம் அறுந்தால் உரையில் பின்னோக்கிப் போகாமல் எந்தக் கிளைக்குத் தாவுவது என்று முன்கூட்டியே குறித்து வைக்கிறார்கள். அதனால் உரையை ஒரே முறை வாசித்தால் போதும். பெயர்கள் எட்டானாலும் எட்டாயிரமானாலும் வாசிக்கும் நேரம், உரையின் நீளத்தையும் கிடைக்கும் பொருத்தங்களின் எண்ணிக்கையையும் மட்டுமே சார்ந்திருக்கும். பைத்தானில் ‘பைஅஹோகோராசிக்’ என்ற நிரலகம் இதைத் தருகிறது.

வேகம் இவ்வாறு தீர்ந்துவிடும். சரியான பொருத்தம் என்பது அதைவிடக் கடினமான சிக்கல், உங்கள் உழைப்பு அங்கேதான் தேவைப்படும். செய்தியில் ‘கரூர்’ என்று வருவதைவிட ‘கரூரில்’, ‘கரூருக்கு’ என்று வருவதே மிகுதி. ‘கரூர்’ என்பதைப் புள்ளியோடு கொடுத்தால் அவை எதுவும் கிடைக்காது, ஏனெனில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறியோ உகரக் குறியோ வந்துவிடுகிறது. கடைசிப் புள்ளியை நீக்கி ‘கரூர’ என்று கொடுங்கள். எல்லா வடிவமும் சிக்கும். மகர மெய்யில் முடிபவற்றுக்கு இரண்டு வடிவம் வேண்டும்: ‘சேலம்’ ஒன்று, ‘சேலத்தில்’ என்பதைப் பிடிக்க ‘சேலத்த’ ஒன்று. ‘ஏற்காடு’ போன்றவற்றுக்கு ‘ஏற்காட்ட’ சேர வேண்டும். ஐகாரத்தில் முடியும் ‘மதுரை’ அப்படியே போதும். இந்த விதிகளைச் சிறு நிரலாக எழுதிவிட்டால் 8,000 பெயர்களுக்கும் அதுவே அடிவடிவங்களை உருவாக்கித் தரும்.

அடுத்து, கிடைத்ததை வடிகட்ட வேண்டும். ‘தேனி’யைத் தேடினால் ‘தேனில்’, ‘தேனிலவு’ இரண்டும் சிக்கும். ஆனால் ஊர்ப்பெயருக்கு வேற்றுமை உருபு சேரும்போது ‘தேனியில்’ என யகர உடம்படுமெய் வரும், அல்லது ‘தேனிக்கு’ எனக் ககரம் இரட்டிக்கும். ‘தேனி’க்குப் பின் நேராக லகரம் வந்தால் அது ஊரன்று. இப்படி, பெயரின் ஈற்றைப் பொறுத்து அடுத்து எவை வரலாம் என்ற பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, வராதவற்றைத் தள்ளுங்கள். பள்ளியில் படித்த புணர்ச்சி விதிகள் இங்கே நேரடியாகப் பயன்படுகின்றன. முன்பக்கமும் பார்க்க வேண்டும்: ‘வடமதுரை’க்குள் ‘மதுரை’ இருக்கிறது, ‘பரமத்திவேலூ’ருக்குள் ‘வேலூர்’ இருக்கிறது. நீளமான பெயர்களையும் பட்டியலில் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்று விழும் பொருத்தங்களில் நீளமானதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 12-ஆம் பதிப்பு முதல், ஸ்னோபால் என்ற திட்டத்தின் தமிழ் வேர்ச்சொல் கருவியும் கிடைக்கிறது. விகுதிகளை வெட்டிப் பொதுவான ஆவணத் தேடலை மேம்படுத்த அது உதவும். ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை, பெயரின் ஒரு பகுதியையே விகுதியென்று வெட்டிவிடக்கூடிய ஒரு கருவியைவிட, உங்கள் பட்டியலுக்கென்று நீங்கள் எழுதும் விதிகளையே நான் நம்புவேன்.

கேள்வி (அகராதிச் செயலி உருவாக்குநர், யாழ்ப்பாணம்): ஒரு லட்சம் தலைச்சொற்கள் கொண்ட கைப்பேசி அகராதி ஒன்றைச் செய்கிறோம், இணையம் இல்லாமலும் இயங்க வேண்டும். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும்போதே சொற்கள் தோன்ற வேண்டும். நினைவகத்தில் இயங்கும் தரவுத்தளமான ரெடிஸ் மிக வேகம் என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

பதில்: ரெடிஸ், சர்வரில் தனியே இயங்குவது, கைப்பேசிச் செயலிக்குள் வைப்பதற்கு உரியதன்று. ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் எஸ்க்யூலைட் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே போதும். சொல்லுக்கு எட்டுக் குறியீடுகள், குறியீட்டுக்கு மூன்று பைட் என்று கொண்டால், ஒரு லட்சம் தலைச்சொற்கள் மொத்தம் 2.4 மெகாபைட்தான். தலைச்சொல் நெடுவரிசையில் சாதாரண இண்டெக்ஸ் ஒன்றை அமைத்து, தொடக்கம் பொருந்தும் முதல் முப்பது சொற்களை மட்டும் கேளுங்கள்.

தட்டும்போதே காட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘மரம்’ என்று தட்ட முனைபவருக்கு நடுவில் ஒரு கணம் ‘மர்’ என்று திரையில் இருக்கும். புள்ளியோடு தேடினால் அந்தக் கணத்தில் ‘மரம்’ காணாமற்போகும். தேடுமுன் இறுதிப் புள்ளியை நீக்கிவிடுங்கள்.

வரிசையையும் கவனியுங்கள். யூனிகோட் எண் வரிசையில் நகரத்தை அடுத்து னகரமும் ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன, மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போய்விடுகிறது. அகராதி வரிசை அதுவன்று. யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ நிரலகம், தமிழ் அகராதி வரிசையில் அடுக்க உதவும் திறவுகோலை ஒவ்வொரு சொல்லுக்கும் தரும். செயலியை உருவாக்கும்போதே அதைக் கணித்துத் தனி நெடுவரிசையில் வைத்துவிட்டால் கைப்பேசியில் அந்த வேலை இராது.

எழுத்துப் பிழையோடு தேடுபவர்களுக்காக மூன்றாவது நெடுவரிசை ஒன்றையும் சேர்க்கலாம். 1918-இல் அமெரிக்காவில் ராபர்ட் ரசல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை ஆங்கிலப் பெயர்களின் ஒலிக்கு ஏற்றது, நமக்கு உதவாது. அதே எண்ணத்தைத் தமிழுக்கு ஏற்ப நீங்களே செய்யலாம்: ளகர ழகரங்களை லகரமாகவும், றகரத்தை ரகரமாகவும், ணகர நகரங்களை னகரமாகவும் மாற்றிய வடிவை அந்த நெடுவரிசையில் சேமித்து, தேடுசொல்லையும் அவ்வாறே மாற்றி ஒப்பிடுங்கள். ‘ரேடியோ’ என்று தேடும் தமிழ்நாட்டவருக்கு உங்கள் ஊர் வழக்கான ‘றேடியோ’வும் அதனாலேயே கிடைத்துவிடும். நேர்ப்பொருத்தங்களை முதலிலும் இந்த வழியில் கிடைப்பவற்றை அவற்றின் கீழும் காட்டுங்கள்.